ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கடலுக்கு ஒரு பஸ்

ஊர் காட்டும் தொழிலுக்கு வந்தவன் ஊரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்: பாத்ரூம் எங்கே, டீ எங்கே, கழற்றிப் போட்ட செருப்பு எங்கே. சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்காவது போய்வந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், பரவாயில்லை.

நான் டூர் நடத்த ஆரம்பித்தது 1991 பொங்கலுக்குப் பிறகு. அதற்கு முன் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவனாக மகாபலிபுரத்திலிருந்து நாகூர் வரை கடலோரமாக அலைந்தவன். சதுரங்கப்பட்டினம், மரக்காணம், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி என்று எல்லாம் சின்னச் சின்ன ஊர்கள். பிஸ்கட் விற்றதோ இல்லையோ, மத்தியானத்தில் கடைகளைச் சாத்திவிட்டு எல்லோரும் தூங்கும் நேரத்தில் அந்தத் தெருக்களில் சுற்றிச் சுற்றி எனக்கு அவற்றின் மேல் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. நான் பார்த்ததை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஆசை யாரை விட்டது.

என் மச்சினன் லோகநாதனிடம் ஒரு பஸ் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வண்டி. சனிக்கிழமை காலையில் நைட் ஷிப்டை இறக்கிவிட்டால் திங்கட்கிழமை வரை சும்மா நிற்கும். கேட்டதும் கொடுத்தான், கூடவே ஒரு கெடுவும் வைத்தான். "புரட்டாசி பொறக்கற வரைக்கும் உங்க கடலக் காட்டிக்கோங்க மாமா. அதுக்குள்ள ஜனம் ஒத்துக்கலன்னா வண்டி திருப்பதி லைனுக்குப் போயிடும். நீங்களும் கூடவே போயி லட்டு வாங்கிக்கினு வர வேண்டியதுதான்."

அவரவர் சீட்டு

முதல் டூரிலேயே தகராறு சீட்டில் ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு உண்டு. யாரும் ஒதுக்கியதில்லை, ஏறுகிற ஸ்டாப்பின் வரிசையில் தானாக அமைந்தது. வல்லம் வடகாலில் ஏறுகிறவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு லைனில் வேலை ஓடாது. டூருக்கும் அதே பஸ், அதே ஆட்கள். கூடப் பெண்டாட்டி பிள்ளைகளும் வருகிறார்கள் என்பதை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆண்கள் மளமளவென்று ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் மூட்டையும் குழந்தையுமாகக் கீழே நின்றார்கள்.

குடும்பம் குடும்பமாக உட்காரும்படி கெஞ்சிப் பார்த்தேன். எத்திராஜிடம் கொஞ்சம் அதிகமாகவே குழைந்தேன், ஏனென்றால் அவர் கம்பெனியின் மனமகிழ் மன்றச் செயலாளர். மன்றத்தின் வருஷாந்திர டூர் எங்கே என்பதை முடிவு செய்கிறவர். அவர் வாயிலிருந்து "கடலோரம்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் லோகநாதன் வாயை அடைத்துவிடலாம். அப்பேர்ப்பட்டவர் தன் மனைவியைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து இடத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டு மகாபலிபுரம் வரை வந்தார். அந்த இடத்துக்குரிய ஆள் டூருக்கே வரவில்லை. ஏன் சார் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது. "அது கன்னியப்பன் சீட்டு சார். திங்கக்கெழம வந்து என் சீட்டுல யாரு குந்துனதுன்னு கேட்டா இன்னா பதில் சொல்றது?"

இரண்டு ஹாரன்

டிரைவர் ஏகாம்பரம் தங்கமான மனுஷன். பீடி இல்லை, குடி இல்லை, வேகம் இல்லை. ஒரே ஒரு குறை, வார நாட்களில் கம்பெனி வண்டி ஓட்டி ஓட்டி அவருக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. ஸ்டாப்பில் நிறுத்துவார், இரண்டு ஹாரன் அடிப்பார், வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூன்றாவது ஹாரன் என்பது அவர் அகராதியில் கிடையாது.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. உள்ளே பழைய கல்லறைக் கற்களில் எலும்பும் மண்டையோடும் பூவும் கொடியுமாகச் செதுக்கியிருப்பார்கள். வண்டி நிறையப் பேர் போனதில் அவற்றைக் குனிந்து பார்த்தவர் சேரப்பணஞ்சேரி பத்மா அக்கா ஒருவர்தான். அக்காவின் வீட்டுக்காரர் கம்பெனியில் வெல்டர். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அக்கா எல்லா டூருக்கும் வந்துவிடுவார். மற்றவர்கள் வெளியே நுங்கு தின்றுகொண்டிருந்தார்கள். ஊரைப் பார்த்த குற்றத்துக்கு அக்காவைக் கோட்டையிலேயே விட்டுவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. நான் அப்போது பின்சீட்டில் வாந்தி எடுத்த ஒருவருக்கு எலுமிச்சம்பழம் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தன் சீட்டில், மனைவி பின்னால் பெண்களோடு இருப்பாள் என்ற நிம்மதியில் கண்ணயர்ந்திருந்தார்.

திருக்கழுக்குன்றத்தில் டீக்கு இறங்கியபோதுதான் தெரிந்தது. அலறிப் புடைத்துக்கொண்டு திரும்பிப் போனோம். அக்கா கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்தார். டிரைவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, வீட்டுக்காரரையும் சொல்லவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டது முழுக்க நான். எனக்கு வந்த கோபத்தை ஏகாம்பரத்தின் மேல் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு ஆரன் அட்ச்சேன், வர்ல. ஆப்சென்ட்டுன்னு நெனச்சிக்கினு வந்துட்டேன் சார்."

உப்பளம்

மரக்காணம் உப்பளத்தைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதில் வானம், கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று குவியல். திண்டிவனம் தாண்டியதிலிருந்தே இதைப் பற்றிப் பேசிப் பேசி என் தொண்டை வறண்டுவிட்டது. வண்டி நின்றதும் ஜன்னலிலிருந்து முதல் கேள்வி வந்தது: "இங்க கோயில் இன்னா கீது?"

எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் அதற்கு ஒரு சாமி இருக்க வேண்டும். சாமி பேரைச் சொல்லாத டூருக்குப் பெரியவர்கள் வீட்டில் விடமாட்டார்கள். ஞானமணி டீச்சர் என்று ஒருவர் தவறாமல் வருவார், அவருக்கும் அவருடைய சபைக்காரர்களுக்கும் எந்த டூரும் வேளாங்கண்ணியில் போய் முடிந்தாக வேண்டும். சரி, மரக்காணத்தில் பழைய சிவன் கோயில் இருக்கிறது என்று வாயைக் கொடுத்துவிட்டேன். போனோம். நடை சாத்தியிருந்தது. சாயங்காலம்தான் திறப்பார்களாம். திறக்கிறவரை வாசலிலேயே இருந்து கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வோம் என்று எல்லோரும் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். அதுவரை உப்பளத்தைப் பார்த்துவிட்டு வரலாமே என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். பத்மா அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உப்பு எங்க வூட்லயே கீது சார்."

நைட் ஷிப்டுக்காரர்கள்

சனிக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து நேராகப் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். சட்டையில் எண்ணெய்க் கறையோடு ஏறுவார்கள். ஒரகடம் தாண்டுவதற்குள் தலை தொங்கிவிடும். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் உள்ளே வருகிறது என்று சண்டை. சாத்தினால் வெளியே எதுவும் தெரியவில்லை என்று பெண்களின் சண்டை. கடற்கரைக்கு டூர் போகிற பஸ் பகல் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓடிய கதை எங்கள் வண்டியைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது.

பரங்கிப்பேட்டையில் ஆறு கடலில் சேருகிற இடம். படகெல்லாம் கரையில் வரிசையாகக் கிடக்கிறது. நான் வண்டிக்குள் ஏறி ஒவ்வொருவராகத் தட்டினேன். உலுக்கினேன். "கடல்யா, கடல்!" என்று கத்தினேன். ஒரு ஃபிட்டர் மட்டும் முகத்தில் போட்டிருந்த துண்டை விலக்கி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கடல் எங்கியும் போவாது சார். அடுத்த வாரம் எனக்குப் பகல் ஷிப்டு, அப்ப பாத்துக்கறேன்."

புதுச்சேரியைக் கடப்பது

தெற்கே போக வேண்டுமானால் புதுச்சேரி வழியாகத்தான் போயாக வேண்டும். நேர்நேரான தெருக்கள், மஞ்சள் சுவர்கள், கடற்கரையில் காலார நடக்க இடம். காட்டுவதற்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. ஆனால் புதுச்சேரி என்று நான் சொன்ன மாத்திரத்தில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நைட் ஷிப்ட் மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் மட்டுமா பார்த்தேன்? பெண்களும் பார்த்துவிட்டார்கள்.

எல்லை வந்ததும் பெண்கள் எழுந்து வந்து ஆளுக்கொரு ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். இரண்டு பேர் கதவை மறித்துப் படியில் உட்கார்ந்தார்கள். ஏகாம்பரத்துக்கு எங்கும் நிறுத்தக் கூடாது என்று உத்தரவு போனது. இருட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்தபடி ஊரைக் கடந்துகொண்டிருந்தோம். கடற்கரையை மட்டுமாவது ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறேனே என்று மன்றாடினேன். படியில் உட்கார்ந்திருந்த பத்மா அக்கா தலையைத் திருப்பவே இல்லை. "பாண்டிச்சேரில இன்னா இன்னா கீதுன்னு எங்களுக்குத் தெரியும் சார். வண்டிய வுடச் சொல்லு."

ஊர்ப் பேர்

அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஊருக்குத் தேர்தல் கூட்டத்தில் பேச வந்த பெரிய தலைவர் குண்டு வெடித்து இறந்துபோனார். கூடப் பலர் இறந்தார்கள். அதுவரை எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெளியூர் லாட்ஜில் எந்த ஊர் என்று கேட்பார்கள், சொன்னதும் மேனேஜர் முகம் மாறும். ரூம் இல்லை என்பார். டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் ஆட்கள் மெல்ல மெல்ல ஊர்ப் பேரை விழுங்கப் பழகிவிட்டார்கள். கேட்டால் "படப்பை பக்கம்" என்பார்கள், "காஞ்சிபுரம் போற வழி" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் வாயில் வந்தது. கஷ்டமாகத்தான் இருந்தது.

வண்டியின் நெற்றியில் ஸ்ரீபெரும்புதூர் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கடலோரம் முழுக்க போலீஸ் சோதனை நடந்துகொண்டிருந்த சமயம். அந்த எழுத்தைப் பார்த்த இடத்திலெல்லாம் வண்டியை ஓரங்கட்டினார்கள். டூருக்கு வருகிற கூட்டம் குறைந்தது. புரட்டாசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. லோகநாதன் ஒரு நாள் பெயிண்டரை அழைத்து வந்து, அந்தப் பேரை அழித்துவிட்டு ஏதாவது ஒரு சாமி பேரை எழுதச் சொன்னான். நானும் தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து அடுத்த டூருக்கு இடம் சொல்லி வைக்க வந்த பத்மா அக்கா பெயிண்டரின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக் கீழே வைத்தார். "நான் பொறந்த வூடு அந்த ஊருதான்யா. செத்தவங்களுக்கு அழுதது நாங்க, பேர அழிச்சிக்கறதும் நாங்களா?"

சாவி

ஆவணியின் கடைசி சனிக்கிழமை. என்னுடைய கடைசி டூர் என்றுதான் நினைத்தேன். தரங்கம்பாடி பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேளாங்கண்ணி. எத்திராஜை வற்புறுத்தி அழைத்திருந்தேன். அவர் கன்னியப்பன் சீட்டுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்து வந்தார், கன்னியப்பன் அன்றைக்கும் வரவில்லை. தரங்கம்பாடி எல்லையில் போலீஸ் நிறுத்தியது. கான்ஸ்டபிள் வண்டியின் நெற்றியைப் படித்தார், எல்லோரையும் இறங்கி வரிசையில் நிற்கச் சொன்னார். ஒவ்வொருவராகப் பேரும் ஊரும் சொல்ல வேண்டும்.

வரிசையில் முதல் ஆள் பத்மா அக்கா. சேரப்பணஞ்சேரி என்று சொல்லியிருக்கலாம், பொய்யும் இல்லை. வண்டி அப்போதே போயிருக்கும். அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஸ்ரீபெரும்புதூர்" என்றார். கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தார். அடுத்து நின்ற ஞானமணி டீச்சர் மணிமங்கலத்துக்காரர். அவரும் ஸ்ரீபெரும்புதூர் என்றார். அதற்கப்புறம் வல்லம் வடகால்காரர், ஒரகடத்துக்காரர், மூன்று மாதமாக "படப்பை பக்கம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிட்டாற்போல உரக்க ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீபெரும்புதூர் என்கிறார்கள். இனி வண்டி நகராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, அது வேறு விஷயம். என் முறை வந்தபோது எனக்கும் வேறு ஊர் ஞாபகம் வரவில்லை. கான்ஸ்டபிள் பேனாவை மூடினார், ஏகாம்பரத்திடமிருந்து சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால்தான் வண்டி நகரும், அதுவரை ஊரைத் தாண்டக் கூடாது, ஊருக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார். போச்சு, வேளாங்கண்ணியில் சொல்லி வைத்த சாப்பாடும் போச்சு, எத்திராஜும் போச்சு என்று நான் ஒரு மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியைப் பூட்டிவிட்டதால் யாருக்கும் சீட்டு இல்லை. படுக்க இடமில்லாமல் நைட் ஷிப்டுக்காரர்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள். ஹாரன் அடிக்க ஏகாம்பரத்திடம் சாவி இல்லை. வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராகப் பழைய நகர வாசலுக்குள் நுழைந்து அந்த நேர்த்தெருவில் நடந்து போனார்கள். தெருவின் கடைசியில் கடல். கொஞ்ச நேரம் கழித்து நான் தேடிப் போனபோது ஃபிட்டர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் நின்றிருந்தார். கரையோரம், பாதியைக் கடல் தின்றுவிட்ட சிவன் கோயில் ஒன்று உண்டு. அதன் படியில் பத்மா அக்கா உட்கார்ந்திருந்தார், நடை திறந்திருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. ஞானமணி டீச்சரும் சபைக்காரர்களும் பழைய சர்ச்சுக்குள் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். எத்திராஜ் தன் மனைவியோடு கோட்டைச் சுவரில் ஏறி, ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கல் யாருடைய சீட்டு என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மீனவப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு மாதம் மீன் வாசனையே இருக்காது. அதை நினைத்ததும் ஜனங்களுக்கு வெறி வந்துவிட்டது. கூடை கூடையாக வாங்கி, அந்தப் பெண்களிடமே பாத்திரம் கேட்டு, மணலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். பத்மா அக்கா புளியைக் கரைத்தார். கான்ஸ்டபிளுக்கும் ஒரு தட்டு போனது. நான் மட்டும் இன்ஸ்பெக்டர் வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே முள்ளைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான மனுஷர். வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் கிளம்பலாம் என்றார். நான் கரைக்கு ஓடினேன், கையைத் தட்டினேன், கத்தினேன். ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டுமே! ஏகாம்பரம் இரண்டு ஹாரன் அடித்தார். யாரும் அசையவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக மூன்றாவது ஹாரனும் அடித்தார், பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு அவரும் இறங்கித் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் எத்திராஜைப் பார்த்தேன். அவர் சுவர் மேலிருந்தபடியே குரல் கொடுத்தார். "இன்னும் கொஞ்ச நேரம் புட்ச்சி வச்சிருக்கச் சொல்லுங்க சார்!"

மன்றத்தின் முடிவு

மறுவாரம் லோகநாதன் வீட்டு வாசலில் திருப்பதி என்று எழுதிய புதுப் பலகை வண்டியில் மாட்டத் தயாராக இருந்தது. நான் லட்டுக்கு மனதைத் தயார் செய்துகொண்டிருந்தேன். எத்திராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார். மன்றத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். புரட்டாசி முடிந்ததும் வருஷாந்திர டூர் தரங்கம்பாடிக்கு. அந்தப் பேர்கூட அவர் வாயில் வரவில்லை, "போலீஸ் புட்ச்ச ஊரு" என்றுதான் சொன்னார். கம்பெனி முழுக்க அந்த ஊருக்கு இப்போது அதுதான் பேராம். போகாதவர்களும் கேட்கிறார்களாம், கன்னியப்பன் உள்பட. லோகநாதன் பலகையைத் திருப்பிச் சுவரோடு சாய்த்து வைத்தான். புரட்டாசி ஒரு மாதம் மட்டும் திருப்பதி, மற்ற நாளெல்லாம் கடல் என்று ஒப்புக்கொண்டான். வண்டியின் நெற்றியில் இருந்த ஊர்ப் பேரை யாரும் தொடவில்லை. அது அப்படியே இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐப்பசியில் மழை வரும், டூரைத் தைக்குத் தள்ளலாம் என்றேன். கேட்கவில்லை. கூடவே சதுரங்கப்பட்டினத்தையும் பரங்கிப்பேட்டையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஆசை ஆசையாகக் கேட்டேன். அதுவும் வேண்டாமாம். சைக்கிளில் ஏறிய எத்திராஜ் ஏதோ ஞாபகம் வந்தவராகக் காலை ஊன்றி நின்றார். "ஒண்ணே ஒண்ணு சார். போனதும் வண்டி சாவிய அந்த போலீஸ்காரராண்ட குட்த்துடுங்க."

எட்டு மாதமாகத் தொண்டை கிழியக் கத்திய எனக்குக் கடைசியில் புரிந்தது இவ்வளவுதான்: ஜனங்கள் ஓர் ஊரைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து அவர்களை யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாமல் இருக்க வேண்டும், அதற்கு டூர் நடத்துகிறவனைவிடத் தோதில்லாத ஆள் உலகத்திலேயே கிடையாது.